ஒரு கால் மதி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்வதுதான் மரியாதை. என்ன பொய் என்பதை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று சுடலைமணி பார்க்கிறார்.

சுடலைமணிதான் இதை எழுதுகிறவர். உடும்பஞ்சோலையில் ஓர் ஏலத்தோட்டத்தின் சூப்பர்வைசர். இரண்டு சிறுபத்திரிகைகளில் கதை வந்துவிட்டதால் தன்னை எழுத்தாளர் என்று தானே அறிவித்துக்கொண்டவர். 'நான்' என்று ஆரம்பித்தால் எல்லாவற்றுக்கும் நியாயம் சொல்லக் கிளம்பிவிடுவார் என்பதால் படர்க்கையில் எழுதுகிறார். (படர்க்கையிலும் சொல்வார். கவனமாக இருங்கள்.)

2

முதல் தொடக்கம்: "நடந்தும் எங்கும் போய்ச் சேராத மனித வாழ்வைப் போல அந்த டிரெட்மில்..."

வேண்டாம். டிரெட்மில்லைப் பார்த்த எந்த எழுத்தாளனுக்கும் முதலில் தோன்றுவது இதுதான்.

இரண்டாம் தொடக்கம்: அவர் மனைவி கற்பகம் ஏலக்காட்டுச் சரிவுகளில் முப்பது வருடம் காய் எடுத்தவள். அவளிடம் போய் டாக்டர் "தினமும் நடக்கணும்" என்றார். சர்க்கரை இறங்கினால்தான் கண் ஆபரேஷன். இல்லையென்றால் தேதி தள்ளிப்போகும், பார்வை இன்னும் மங்கும். வெளியே ஆடி மழை, அட்டை. ஆகவே மகள் மோனிஷா பழைய டிரெட்மில் ஒன்றை ஜீப்பில் ஏற்றி அனுப்பினாள்.

இது பரவாயில்லை. தகவல் இருக்கிறது, தத்துவம் இல்லை.

3

பெல்ட் இடப்பக்கமாக ஒதுங்கியது. சுடலைமணி சர்வீஸ் கடைக்குப் போன் போட்டார். ஜோமோள் என்கிற மெக்கானிக் பெண் பாதித் தமிழிலும் பாதி மலையாளத்திலும் சொன்னாள்:

"சேட்டா, பின்னாடி இடது சைடுல கால் திருப்பு. ஒரு கால் மதி. கூடுதல் வேண்டா."

மலையாளத்தில் 'மதி' என்றால் 'போதும்' என்று அர்த்தம். இத்தனை வருடமாக மலையாளத்தில் ரேஷன் வாங்குகிறவருக்கு அது தெரியாதா? பின்பக்கம் குனிந்து பார்த்தார். இடதுபுறம் மெஷினுக்கு நிஜமாகவே ஒரு ரப்பர் கால் இருந்தது. திருகினார்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அவள் சொன்னது, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற போல்ட்டைக் கால் சுற்று திருப்பச் சொல்லி. கால், அரை, முக்கால் என்று எண்ணுகிற கால். மொழிதான் என் உயிர் என்று மேடையில் பேசுகிற ஆள் இவர்.)

மறுநாள் கற்பகம் ஏறிய மூன்றாவது நிமிடம் பெல்ட் ஓரத்தில் போய் மடங்கிச் சட்டென்று நின்றது. அவள் பக்கவாட்டில் விழுந்தாள். முழங்கை வீங்கிவிட்டது. தூக்கிவிட்டபடியே சுடலைமணி சொன்னார்:

"நீ ஒரு பக்கமா சாஞ்சு நடக்கே. மெஷின் என்ன செய்யும்?"

அதுதான் பொய். தான் திருகியதிலிருந்து மெஷின் ஆடுவதை, அவள் ஏறுவதற்கு முன்பே அவர் பார்த்திருந்தார்.

4

கற்பகம் நம்பிவிட்டாள். மெஷின் பக்கமே போவதில்லை. ஹாலில் டைல்ஸ் கோட்டின் மேல் ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதம் வைத்து, கைகளை விரித்துக்கொண்டு, நேராக நடக்கப் பழகுகிறாள். கண் சரியாகத் தெரியாததால் கோடு தவறுகிறது. தவறினால் திரும்பிப் போய் முதலிலிருந்து தொடங்குகிறாள். அதைப் பார்த்தபடியே சுடலைமணி எழுதுகிறார். இந்த இடத்தில் ஓர் உவமை வைத்தால்...

சீ.

முடிவு அ: உண்மையைச் சொல்கிறார், அவள் சிரித்து மன்னிக்கிறாள். (எழுத்தாளனுக்குத் தோதான மனைவி. இந்த முடிவைக் கோடு போட்டு அடித்தாயிற்று.)

முடிவு ஆ: அவளே கண்டுபிடித்து ஒரு மாதம் பேசாமல் இருக்கிறாள். (இது நடக்கக்கூடியது. அதனாலேயே அடித்தாயிற்று.)

5

இன்று காலை ஜோமோளிடம் மறுபடி கேட்டார்.

"மெஷினோட காலில்ல சேட்டா, கால் பாகம்," என்றாள். சிரிப்பை அடக்குவது போனிலேயே கேட்டது.

ரப்பர் காலைப் பழையபடி இறக்கினார். போல்ட்டைக் கால் சுற்று முறுக்கினார். பெல்ட்டுக்கு அடியில் சிலிக்கான் எண்ணெய் விட்டு, தானே ஏறிப் பத்து நிமிடம் நடந்து பார்த்தார். பெல்ட் நடுவிலேயே ஓடியது. ஆபரேஷனுக்குப் பதினெட்டு நாள் இருக்கிறது.

"சரியாயிட்டு. ஏறு," என்றார்.

கற்பகம் ஏறவில்லை. டைல்ஸ் கோட்டின் மேல் சுவர் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்து, அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, இப்ப நேரா நடக்கேனா? நீங்க சொன்னா ஏறுதேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஏறிவிடுவாள். சர்க்கரையும் இறங்கும். பொய்யும் அப்படியே நின்றுவிடும்.

இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். முதல் நாளிலிருந்தே அவள் நேராகத்தான் நடந்தாள் என்று உங்களுக்குத் தெரியும். நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். இவர் எண்ணெய்க் குப்பியின் மூடியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.