கணவருக்கு ஒரு வாக்கியம்

புளியறைக்கோட்டையில் ஆனி மாதம் பிறந்துவிட்டால் வீட்டுக்கு மூன்று சொல்லைப் புதுப்பித்தாக வேண்டும். சொல் ஆபீசிலிருந்து சீட்டு வரும். வீட்டுப் பொம்பளை ஆபீஸ் சன்னல் முன்னால் போய் நின்று, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியம் சரியாகச் சொல்லணும். தப்பினால் அந்தச் சொல்லுக்கு உரியதே பொழுது சாய வீட்டை விட்டுப் போய்விடும்.

போன வருஷம் பக்கத்து வீட்டுச் செண்பகவடிவு, "எங்கள் வீட்டுக் கதவு பெரியது" என்றாள். "கதவை எடுத்துட்டு அண்டாவை வச்சாலும் வாக்கியம் நிக்குதே தாயி" என்று குமாஸ்தா சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு சொல் வந்து உட்கார இடம் கொடுத்தால் அது தப்பு வாக்கியம். அன்றையிலிருந்து அவள் வாசலில் பழைய சேலைதான் தொங்குகிறது.

இந்த வருஷம் கோமதியின் சீட்டில் குடை, ஏணி, கணவர் என்று இருந்தது.

குடையும் ஏணியும் பெரிய காரியமில்லை. மூன்றாவதுதான் சிக்கல். முப்பது வருஷமாக 'இவுக', 'ஏங்க' என்றே காலம் தள்ளியவள். கணவர் என்ற சொல் அவள் வாயில் ஒரு நாளும் புழங்கியதில்லை.

"நல்லவர்னு சொல்லேன்" என்றார் அவள் புருஷன் தளவாய்.

"ஊர்ல வேற நல்லவுகளே இல்லையாக்கும்?"

"சம்பாதிச்சுப் போடுறார்னு சொல்லு."

"அது எருமையுந்தான் போடுது."

ஆபீசுக்குப் போக மிச்சமிருந்த எட்டு நாளும் அவர் தன் வேட்டியைத் தானே மடித்து வைத்தார்.

ஆபீசில் குடையும் ஏணியும் முத்திரை வாங்கின. குமாஸ்தா "கணவர்" என்றார். கோமதி திரும்பிப் பார்த்தாள். வெளியே வேப்பமரத்தடியில் தளவாய் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றார்.

"குழம்புல உப்பு இல்லைன்னு சொல்லிக்கிட்டே மறுசோறு கேக்கிறவர் என் கணவர்."

"அண்ணன் தம்பி கேக்க மாட்டாகளா?"

"அவுக வாயை மூடிக்கிட்டுத் தின்னுட்டுப் போவாக சார்."

"ஏணி?" சீட்டிலுள்ள இன்னொரு சொல்லையும் வைத்துப் பார்ப்பது குமாஸ்தாவின் வழக்கம்.

"எங்க வீட்டு ஏணி இன்னிவரைக்கும் மறுசோறு கேட்டதில்லை சார்."

முத்திரை விழுந்தது. "பொழுது சாயறதுக்குள்ள சொன்னபடி நடந்துரணும், அவருக்குச் சொல்லிக்குடுக்கப்படாது" என்று சீட்டை நீட்டினார்.

கோமதி வீட்டுக்கு வந்ததும் உப்பே போடாமல் குழம்பு வைத்து, இலை போட்டாள். தளவாய் நன்றியோடு குனிந்து சாப்பிட்டார்.

"குழம்பு அமிர்தம்" என்றார். அவருடைய இடதுகால் பெருவிரல் காணாமல் போனது.

"ஏங்க, உப்பு?"

"அளவா இருக்கு." அடுத்த விரலும் போனது. வெயில் சுவரில் ஒரு முழம்தான் மிச்சம் இருந்தது.

"நாக்கு செத்தா போச்சு? உப்பே போடலைங்க!"

மூன்றாவது விரல் மங்கும்போது அவர் நிமிர்ந்தார். "அதானே பார்த்தேன். மனுசன் திங்கிற குழம்பா இது, உப்பில்லாம? சரி, இன்னும் கொஞ்சம் சோறு போடு."

விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

அப்போது கொல்லைப்புறத்திலிருந்து ஏணி உள்ளே வந்து சுவரில் சாய்ந்தது. கோமதி அதற்கும் ஓர் இலை போட்டாள். ஒரு வாய் தின்றுவிட்டு, "குழம்புல உப்பு இல்லை" என்றது. மறுசோறு கேட்டது.

தளவாய் கொஞ்சம் நகர்ந்து பலகையில் இடம் விட்டார். கோமதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "போதுமாங்க?" என்று கேட்டாள், இரண்டு பேரையும்.