ஆ பாயின் இடது கால்

1976ஆம் ஆண்டு, பள்ளி விடுமுறை முடிந்த முதல் திங்கட்கிழமை காலையில், பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த ஒரு பெண்கள் இடைநிலைப்பள்ளியின் மனையியல் அறையில், குழந்தையைக் குளிப்பாட்டப் பழகுவதற்காக வைத்திருந்த ரப்பர் பொம்மையின் இடது கெண்டைக்காலில் பிரம்படித் தடிப்பு ஒன்று சிவந்து காணப்பட்டது. சீன வீடுகளில் சின்னப் பையன்களைக் கூப்பிடுகிற மாதிரி, மாணவிகள் அந்தப் பொம்மைக்கு ஆ பாய் என்று பேர் வைத்திருந்தார்கள். நீலக் கண்ணும் வெள்ளைத் தோலுமாக, பள்ளியில் படித்த எந்த வீட்டுப் பிள்ளையையும் போல இல்லாத பொம்மை அது. ஆனால் தடிப்பு என்னவோ நம்மூர்த் தடிப்புதான். மளிகைக் கடை வாசலில் கட்டுக்கட்டாகத் தொங்குமே, அந்த ரோத்தான் பிரம்பு போட்டது. அந்த வருடம் ரொட்டி சானாய் விலை ஏறியதைப் பற்றி ஊர் பேசியதில் பாதிகூட இதைப் பற்றிப் பேசவில்லை. ஐந்தாம் படிவ மாணவி தனலெட்சுமி, கேரி தீவுத் தோட்டத்திலிருந்து வந்து மாமா வீட்டில் தங்கிப் படித்தவள், தடிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "டீச்சர், ஆ பாய யாரோ ரோத்தான்ல அடிச்சிருக்காங்க லா. இன்னும் சூடா இருக்கு."

மனையியல் ஆசிரியை சிவமலருக்குக் காதுவரை எரிந்தது. முந்தின நாள் மாலை கந்தசுவாமி கோயில் மண்டபத்தில், யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பங்கள் எல்லாம் உட்கார்ந்திருக்க, அவளுடைய ஐந்து வயது மகன் குகதாசன் தேவாரம் பாட எழுந்து, இரண்டாவது வரியில் மறந்துபோய் நின்றுவிட்டான். மற்றப் பிள்ளைகள் பதிகத்தை முழுவதும் பாடியிருந்தார்கள். புனிதவதி அக்கா சிரித்துக்கொண்டே, "பரவாயில்ல, அம்மா டீச்சர்தானே, வீட்ல சொல்லிக் குடுப்பாங்க" என்றார். அந்தச் சிரிப்பைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தவள், கதவுக்குப் பின்னால் தொங்கிய ரோத்தானை எடுத்து அவன் இடது காலில் போட்டாள். கோபத்தில் அடித்தாள் என்று சொல்ல முடியாது, வெட்கத்தில் அடித்தாள். வெட்கத்தில் அடிக்கிற கைக்கு நிதானம் கிடையாது. இத்தனைக்கும் அழுகிற பிள்ளையை முதலில் தூக்கு, காரணத்தைப் பிறகு கேள் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் அவள். நம்பித்தான் எழுதினாள்.

மாணவிகளும் நம்பித்தான் படித்திருந்தார்கள். தனலெட்சுமி ஆ பாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். ஸைனப் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து தடிப்பில் தடவினாள், மெய் லிங் அதன் மேல் ஊதிக்கொண்டே சீனத்தில் ஏதோ பாடினாள். மத்தியான மணி அடிப்பதற்குள் தடிப்பு மறைந்துபோனது. சிவமலர் வீட்டுக்கு ஓடினாள். பையனின் கால் மழுமழுவென்று இருந்தது, தேங்காயெண்ணெய் வாசனை வீசியது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வீரம்மா, தான் எண்ணெய்ப் பாட்டிலைத் தொடவே இல்லை என்று சாமி மேல் சத்தியம் செய்தாள்.

அந்த வருடம் அப்படியே போய்க்கொண்டிருந்தது. வாய்ப்பாட்டுக்கு ஒன்று, கையெழுத்துக்கு ஒன்று என்று வீட்டில் விழுந்ததெல்லாம் மறுநாள் காலையில் ஆ பாயின் காலுக்கு வந்துவிடும், மாணவிகள் மத்தியானத்துக்குள் ஆற்றிவிடுவார்கள். இனி கை வைக்கமாட்டேன் என்று அவள் முருகனிடம் சொல்லாத வெள்ளிக்கிழமை இல்லை. ஆனால் மறுபடியும் கோயிலில் யாராவது எதையாவது கேட்பார்கள், மறுபடியும் கதவுக்குப் பின்னால் கை போகும். ஐந்தாம் படிவத்தில் ஒருத்திகூட அவளிடம் வாய் திறந்து கேட்கவில்லை. பாடம் எழுதும்போது அவள் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

கல்வி இலாகாவிலிருந்து ஆள் வரப்போகிறது என்ற செய்தி வந்ததும், பொம்மையைப் பழுதுபார்க்க அனுப்பிவிட்டதாகச் சொல்லிவிட்டு, அதை இரும்பு அலமாரியில் பாச்சை உருண்டைகளோடு வைத்துப் பூட்டினாள். அன்று மத்தியானம், வெயில் கொளுத்துகிற நேரத்தில், சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த குகதாசன், "அம்மா, ரொம்ப இருட்டா இருக்கு" என்றான். ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்த அவள் கணவன் தியாகராசா எல்லா ஜன்னல்களையும் திறந்தார், பிறகு கண் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். பையன் சுவரைத் தடவித் தடவி நடந்தான். அவன் தலைமுடியில் பாச்சை உருண்டை வாசனை அடித்தது. காலில் கடைசியாக விழுந்த தடிப்பு ஆறவே இல்லை. அலமாரிச் சாவி சிவமலரின் கைப்பைக்குள்தான் இருந்தது. திறந்தால் மாணவிகள் முன்னால் பொம்மையும் கையுமாக நிற்க வேண்டும் என்பதற்காக, எல்லாம் தெரிந்தும் அவள் திறக்காமல் இருந்தாள். அந்த நாட்கள் எத்தனை என்று பிற்பாடு அவள் ஒருபோதும் எண்ணிப் பார்க்கத் துணியவில்லை.

கடைசியில் ஒரு காலையில், பையன் அவள் முகத்தைத் தடவிப் பார்த்து, "நீங்க அம்மாவா, வீரம்மாக்காவா?" என்று கேட்டான். அன்று அவள் முதல் வேலையாக அலமாரியைத் திறந்து, ஆ பாயை எடுத்து வகுப்பின் முன்னால் மேசைமேல் வைத்தாள். எல்லோருக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்தில், அடித்தது நான்தான், பூட்டி வைத்ததும் நான்தான் என்று சொன்னாள். தனலெட்சுமி எழுந்து நின்று, "தெரியும் டீச்சர்" என்றாள். "நீங்களே தூக்குங்க." இத்தனை வருடமும் ஒற்றைக் கையில் தூக்கிப் பாடம் நடத்திய பொம்மை அன்று ஐந்து வயதுப் பையனின் கனம் கனத்தது. முதல் பாடம் முடியும்வரை இறக்காமல் வைத்திருந்தாள். அதே நேரத்தில் வீட்டில் குகதாசன் கண்ணைச் சிமிட்டி, "வெளிச்சம் வந்துருச்சு" என்று சொல்லிக் குடிக்க மைலோ கேட்டானாம். ரோத்தானை அவள் கொல்லையில் பயற்றங்கொடிக்கு ஊன்றிவிட்டாள். அதன் பிறகு ஆ பாயின் காலில் தடிப்பு எதுவும் வரவில்லை.

பள்ளியில் பாட மொழி மாறியது, பாடத்தின் பெயரும் மாறியது. ரயில்வே குடியிருப்புகளை இடித்தார்கள், பங்சார் பக்கம் கட்டடங்கள் உயர்ந்தன. மனையியல் அறையை மூடியபோது, கிள்ளானில் அதே பாடத்துக்கு ஆசிரியையாகியிருந்த தனலெட்சுமி வந்து ஆ பாயைத் தூக்கிக்கொண்டு போனாள். குகதாசனுக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது. சிவமலருக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவன் நல்ல பிள்ளையாக வளர்ந்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் அவளைக் கோயிலுக்கு அழைத்துப்போனான். எல்லாம் ஆறிவிட்டது என்றே அவள் நினைத்திருந்தாள்.

1998இல் அவனுக்குக் கல்யாணம். மணமக்களின் முழங்கால், தோள், தலை என்று தொட்டு, அறுகம்புல் கலந்த அறுகரிசி போட்டு வாழ்த்துவது யாழ்ப்பாணத்து வழிவந்தவர்கள் வழக்கம். முதலில் போட வேண்டிய சிவமலர், எல்லோரும் போடட்டும் என்று விலகி நின்றாள். தனலெட்சுமி ஆ பாய்க்குப் புதுச் சட்டை போட்டுத் தூக்கி வந்திருந்தாள். யாரும் அதை வினோதமாகப் பார்க்கவில்லை. பந்தியில் அதற்கும் ஓர் இலை உண்டு என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அவள் பொம்மையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மேடையேறி அறுகரிசி போட்டபோது, மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்து, "ஆன்டி, இந்தக் கைய எனக்குத் தெரியும்" என்றான்.

பிறகு சிவமலர் குனிந்தாள். அவள் கை முழங்காலுக்கு வந்ததும் அவன் இடது காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். ஏன் இழுத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. "சாரி ம்மா, தெரியாம…" என்று சிரித்தான், ஆனாலும் கால் நீளவில்லை. மண்டபம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, கையில் அரிசியோடு அவள் அப்படியே நின்றாள். முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றியது, மூடவில்லை. முன்வரிசையில் ஆ பாயின் இடது காலும் மடங்கியிருந்தது. தனலெட்சுமி அதை மடியில் எடுத்து வைத்து, கெண்டைக்காலை உள்ளங்கையால் மெல்லத் தேய்த்துவிட்டாள். மேடையில் குகதாசனின் கால் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. அது முழுவதும் நீளும்வரை காத்திருந்து, சிவமலர் அறுகரிசியை வைத்தாள்.

பந்தியில் உட்கார வைத்தபோது ஆ பாயின் இடது முழங்காலில் இரண்டொரு அரிசி ஒட்டியிருந்தது. தனலெட்சுமி அதைத் தட்டிவிடாமல் இலையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.