ஒட்ட மறுத்த தட்டணுக்கள்

“இல்லண்ணா, அந்தக் குழாய்ல ஒட்டாதது சரி. இந்தக் குழாய்ல ஏன் ஒட்டலை? அதைச் சொல்லு!”

அண்ணன் முழங்கைப் பஞ்சை அழுத்தியபடி மலங்க மலங்க விழித்தான். “என்னைக் கேட்டா? நீதானே படிச்சவ!”

தங்கை ஆராய்ச்சி மாணவி. திராட்சை விதையில் உள்ள பாலிஃபீனால் என்னும் சத்து, ரத்தம் உறைவதைத் தடுக்குமா என்பதுதான் அவள் மண்டையைக் குடையும் கேள்வி. நர்ஸ் எடுத்துக் கொடுத்த அண்ணன் ரத்தத்தை இரண்டு குழாய்களில் பிரித்து, ஒன்றில் விதைச் சாறும் மற்றதில் வெறும் உப்புநீரும் விட்டிருந்தாள். ஒட்டத் தூண்டும் மருந்தை ஊற்றினால் உப்புநீர்க் குழாயிலாவது ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் கும்பலாக ஒட்டிக்கொள்ள வேண்டும். சாறு விட்டதில் ஒட்டவில்லை என்றதும் துள்ளிக் குதித்தாள். உப்புநீரிலும் ஒட்டவில்லை என்றதும் உயிரே போய்விட்டது.

“டீ குடிச்சியா? அதுலயும் பாலிஃபீனால் இருக்கு!”

“நீ வேணாம்னதுல இருந்து பச்சைத் தண்ணிதான்.”

“மாத்திரை?”

அண்ணன் காதைச் சொறிந்தான். “டீ இல்லாம தலை வெடிச்சுது. நேத்து ஒரு ஆஸ்பிரின் போட்டேன்.”

“அண்ணா! எதுவும் சாப்பிடக்கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்!”

“சாப்பிடலையே! மாத்திரையைப் போடத்தானே செய்வாங்க?”

அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த ஒற்றை மாத்திரையே தட்டணுக்களை ஒரு வாரத்துக்கு மந்தமாக்கிவிடும். வேலை செய்தது சாறா, மாத்திரையா? யார் கண்டது? ஒட்டுவதை அளக்கும் கருவியோ இரவல். சாயங்காலம் பக்கத்து ஆய்வகத்தார் தூக்கிப் போய்விடுவார்கள். அது திரும்பி வருவதற்குள் அவள் ஆய்வுக் கெடுவே முடிந்துவிடும்.

“என் ஃப்ரெண்டை வரச் சொல்லட்டா?”

“டீ குடிக்காத ஃப்ரெண்டு இருக்கானா உனக்கு?”

அண்ணன் யோசித்தான். “இல்ல.”

சட்டென்று அவளுக்கு உறைத்தது. அவனைக் குடிக்காதே என்றுவிட்டு எதிரே உட்கார்ந்து குடிக்க மனம் வராமல், அவளும்தான் டீயை விட்டிருந்தாள்; மாத்திரையும் எதுவும் போடவில்லை. சட்டைக் கையை மடித்தாள்.

“நர்ஸ் அக்கா, எனக்கு எடுங்க! அண்ணா, சாறை நீ விடு. எந்தக் குழாய்ல விட்டேன்னு எனக்குச் சொல்லவே கூடாது.”

“நானா? இவ்வளவு சொதப்பினப்புறமுமா?”

“வேற ஆளிருந்தா உன்கிட்ட ஏன்டா கெஞ்சறேன்?”

ரத்தமும் அவளுடையது, ஆசையும் அவளுடையது, கலந்து கொடுப்பதோ இந்தச் சொதப்பல் மன்னன். இந்தச் சோதனை செல்லுமா, செல்லாதா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சொல்லுங்களேன்?