ஆளுக்கொரு பேரல்

பழைய மோட்டார் சைக்கிள் பைத்தியங்களின் வாட்ஸ்அப் குழுவில் டெர்வின், "ஆர்.டி. 350க்கு ஒரு நல்ல பேரல் வேண்டும்" என்று போட்டார். கொஞ்ச நேரத்தில், வடக்கே அடுத்த தீவில் இருக்கும் ரங்கத்திலிருந்து ஒச்சப்பனும் அதையே போட்டார். குழுவை நடத்தும் அருண்பிரசாத், "அங்கிள், ரெண்டு பேர்ட்டயும் ஆளுக்கு ஒண்ணு இருக்கே. யாராவது ஒருத்தர் விட்டுக் குடுத்தா ஒரு வண்டியாச்சும் ஓடும்" என்று எழுதினான். மற்றவர்கள் சிரிப்புப் பொம்மைகளாக அனுப்பித் தள்ளினார்கள். டெர்வினுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வண்டிக்கு இரண்டு சிலிண்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் உருளையைத்தான் பேரல் என்பார்கள். டெர்வின் வண்டியில் ஒன்று நன்றாக இருந்தது. இன்னொன்று கடைந்து கடைந்து இனிக் கடைய இடமில்லாமல் போயிருந்தது. ஒச்சப்பன் வண்டியிலும் அதே கதைதான். சென்னை புதுப்பேட்டையைச் சல்லடை போட்டுச் சலித்தாயிற்று. கப்பலில் போகிறவர், வருகிறவர் எல்லோரிடமும் சொல்லி வைத்தாயிற்று. தூத்துக்குடி மச்சானை அலையவிட்டதில் அவன் போனையே எடுக்காமல் போய்விட்டான்.

இப்போது அவசரம் வந்துவிட்டது. மகள் ஷீபா பிரசவத்துக்கு, மின்னி பே பகுதியில் இருக்கும் இவர் வீட்டுக்கு வருகிறாள். வீட்டில் காற்றோட்டமுள்ள ஒரே அறையான பக்கத்து அறையில் ஆர்.டி. நிற்கிறது.

"ஓடுற வண்டின்னா வாசல்ல நிக்கட்டும். ஓடாததுன்னா பழைய இரும்பு வாங்குற கபாடிக்காரனுக்குப் போவட்டும்" என்றாள் மனைவி ஆக்சிலியா. "பிள்ளையையும் குழந்தையையும் நான் எங்க படுக்க வைக்க?"

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன், தெரியுமாட்டீ?"

"செத்த யானைக்கு வீட்டுக்குள்ள ரூம் போட்டுக் குடுத்த ஆளு இந்தத் தீவுலயே நீங்க ஒருத்தர்தான்."

மறுநாள் விடியுமுன் டெர்வின் ரங்கத் பஸ்ஸில் ஏறினார். ஜிர்காடாங் செக்போஸ்ட்டில், வண்டிகளைக் காட்டுக்குள் கூட்டமாக அனுப்பும் கான்வாய் கிளம்பும்வரை காத்திருந்து, காட்டைக் கடந்து, பஸ்ஸோடு ஃபெர்ரியில் ஏறி இறங்கி, முதுகெலும்பு ஒவ்வொரு மணியாகக் கழன்றதுபோலப் போய்ச் சேர்ந்தார். பகல் முழுக்க டிங்கிப் படகு இன்ஜின்களைப் பழுது பார்க்கக் குனிந்து கிடக்கிற முதுகு அது. இந்த வயதில் இப்படி அலைவது எதற்காக என்று வழியில் பல தடவை தன்னையே கேட்டுக்கொண்டார்.

இளவட்டக் காலத்தில் லம்பா லைன் பக்கம் நேர் ரோட்டில் இவரும் ஒச்சப்பனும் ரேஸ் விட்டார்கள். நின்ற இடத்திலிருந்து ஒரே இழுப்பு. எல்லைக் கோட்டை எவன் முதலில் தாண்டுகிறானோ அவன் ஜெயித்தான். தீவில் பணத்தை எவன் மதித்தான்? கப்பல் வந்தால்தான் ஸ்பேர் பார்ட். அதனால் பந்தயமும் பார்ட்தான். தோற்றவன் தன் வண்டியிலிருந்து ஒன்றைத் தன் கையாலேயே கழற்றி, ஜெயித்தவன் கையில் கொடுக்க வேண்டும். ஜெயித்தவன் ஸ்பேனரைத் தொடக்கூடாது. இப்படிக் கொடுத்தும் வாங்கியும் டெர்வின் வண்டியில் பாதி ஒச்சப்பனுடையது, ஒச்சப்பன் வண்டியில் பாதி டெர்வினுடையது என்று ஆகியிருந்தது. யாருக்குப் பிறந்த பிள்ளை யார் வீட்டில் வளருகிறது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

ஒச்சப்பன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். இலங்கைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவுக்கு வந்து, அங்கே ரப்பர் வெட்டி, பிறகு ரங்கத்தில் ஊன்றிய குடும்பம். எழுந்து வந்து கையைப் பிடித்தார். அவருடைய வலது கை விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்னாப்பா கை?"

"அது ஒரு வருசமா அப்பிடித்தான். கெடக்கு வுடு. பேரல் கேட்டுத்தானே வந்திருக்க?"

"ஆமா. நீ வச்சு என்ன செய்யப் போற?"

"நீ வச்சு என்னா செய்யப் போறியோ அதைத்தான்."

ஒச்சப்பனின் மனைவி அமிர்தவல்லி டீ கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேரும் கௌரவத்துக்கு எதிரெதிரே உட்கார்ந்து அதைக் குடித்தார்கள். குடித்து முடித்ததும் ஒச்சப்பன் சொன்னார்: "சும்மா குடுக்க மாட்டேன். நீயும் குடுக்க மாட்ட. வா, வுட்டுப் பாத்துருவோம்."

"எதுல? ரெண்டு வண்டியும் பொணமால்லா கெடக்கு?"

"மருமக ஸ்கூட்டி ஒண்ணு இருக்கு. பக்கத்து வூட்டுப் பெங்காலி டீச்சர்கிட்ட அதே வண்டி இருக்கு. போதாதா?"

டெர்வின் அந்த நடுங்குகிற கையைப் பார்த்தார். இந்தக் கை ஆக்சிலரேட்டரைப் பிடித்துக் கிழித்துவிடப் போகிறதா என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டார். போட்ட உடனே கூசியது. கூசினாலும் சரி என்றார். ஆசை வெட்கம் அறியாது.

கல்வெர்ட்டிலிருந்து ரேஷன் கடைவரை என்று முடிவாயிற்று. டீச்சர், "தாதா, தீரே சலானா" என்று இந்தியில் மெதுவாக ஓட்டச் சொல்லி, ஹெல்மெட்டைத் தானே டெர்வினுக்கு மாட்டிவிட்டாள். கூடை வைத்த ரோஸ் நிற ஸ்கூட்டி ஒன்று, வெள்ளை ஒன்று. அவற்றின் மேல் இரண்டு கிழவர்கள். அமிர்தவல்லி கொடியசைப்பதுபோல முந்தானையை உதறினாள்.

கிளம்பிய வேகத்தில் டெர்வின் முந்திவிட்டார். காற்று முகத்தில் அடித்ததும் முதுகுவலி எங்கே போனதென்று தெரியவில்லை. பாதி ரோட்டில் ஒரு ஆள் நீளம் முன்னால் இருந்தார். பேரல் கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தார். ரேஷன் கடைக்குக் கொஞ்சம் முன்னால், நேற்றைய மழை மேட்டிலிருந்து அடித்துவந்த மணல் ரோட்டை மறித்துப் பரவிக் கிடந்தது. அந்தக் காலத்தில் அதைப் போல எத்தனையோ மணலைத் தாண்டியிருக்கிறார். இப்போது அவர் யோசிக்கக்கூட இல்லை. விரல்கள் தாமாகவே பிரேக்கைப் பிடித்தன.

ஒச்சப்பனின் வெள்ளை ஸ்கூட்டி மணலில் சீறிக்கொண்டு அவரைத் தாண்டியது. ரேஷன் கடையைத் தாண்டியது. தாண்டியும் நிற்கவில்லை. ஒச்சப்பனின் கை ஆக்சிலரேட்டரை இறுக்கிப் பிடித்தபடி மரத்துப் போயிருந்தது, விரல்களைப் பிரிக்க வரவில்லை. பின்னால் அமிர்தவல்லி அலறினாள். டெர்வின் விரட்டிப் போய், மேட்டு ஏற்றத்தில் பக்கத்தில் ஒட்டி, எட்டிச் சாவியைத் திருகி அணைத்தார். இரண்டு வண்டியும் சாய்ந்து நின்றன. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

ஒச்சப்பன்தான் முதலில் பேசினார். "ரேஷன் கடையத் தாண்டின பொறவு நீ வந்து ஒட்டினது கணக்குல வராது."

"நான் என்ன கணக்கா கேட்டேன்?" என்று சொல்லிக்கொண்டே டெர்வின் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

"ஞாயித்துக்கெழமை வந்து பேரலை வாங்கிக்கிறேன்" என்றார் ஒச்சப்பன். அந்தக் கையை வைத்துக்கொண்டு ஆர்.டி.யை என்ன செய்வாய் என்று டெர்வின் கேட்கவில்லை. தோற்றவனுக்குக் கேட்க உரிமை கிடையாது. ஜெயித்தவரோ சிரிக்கக்கூட முடியாமல் கையை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் திரும்பி வந்தபோது டெர்வினுக்கு உடம்பும் மனசும் ஒருசேர ஓய்ந்திருந்தன. சட்டையைக்கூட மாற்றாமல் பக்கத்து அறைக்குப் போய், வண்டியின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஸ்பேனரை எடுத்தார். ஆக்சிலியா வந்து நிலையில் சாய்ந்து நின்றாள்.

"பார்ட் கெடைக்கலையா?"

"நான்தான் குடுக்கணும். தோத்துட்டேன். இனி இது ஓடாது. உனக்கு ரூம் கெடச்சாச்சு, போ."

"எப்பிடித் தோத்தீங்க?"

"முன்னாலதான் இருந்தேன். மணல் கெடந்துது." நட்டிலிருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார். "பிரேக் புடிச்சிட்டேன்."

ஆக்சிலியா பக்கத்தில் வந்து அவர் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். எங்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

"கல்யாணமான புதுசுல" என்றாள், "லம்பா லைன்ல நீங்க வண்டி வுடும்போதெல்லாம் நான் அந்த வேலியோரமா ஜெபமாலையை உருட்டிட்டு நிப்பேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இந்த மனுஷன் பிரேக் புடிக்கட்டும் மாதாவேன்னு."

"இப்ப சந்தோஷம்தான?"

"சந்தோஷமா இருக்கும்னுதான் நெனச்சிருந்தேன்" என்று சொன்னவள் சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டெர்வினுக்கும் கண் நிறைந்துவிட்டது. கிழவனாகிவிட்டது அவருக்கு ரோட்டில் தெரியவில்லை, பஸ்ஸில் தெரியவில்லை. அவள் அழுதபோதுதான் தெரிந்தது.

நட்டுக்கு ஸ்பேனரைப் போட்டு அழுத்தினார். வண்டி ஸ்டாண்டில் ஆடியது. ஆக்சிலியா மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபக்கம் போய், வண்டி சாயாமல் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ம், கழட்டுங்க" என்றாள்.