நீலாம்பிகாவின் பழைய குரல்

துர்கத பைல் சந்தில் இருக்கும் ரேஷ்மா முல்லாவின் ரிப்பேர் கடைக்குப் பழைய கம்ப்யூட்டரோடு வருகிறவர்கள் பெரும்பாலும் கல்யாண போட்டோவை மீட்டுக் கொடுக்கச் சொல்வார்கள். வீரேஷ் ஹிரேமட் கேட்டது வேறு. மஞ்சள் பூத்துப்போன பெட்டியை மேஜைமேல் இறக்கிவிட்டு, மூச்சு வாங்கியபடி சொன்னான்.

"எங்க அக்கா பேசி பதினோரு நாள் ஆச்சு மேடம். இதுக்குள்ளதான் அவ பேச்சு இருக்கு."

ரேஷ்மா கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

வீரேஷின் அக்கா நீலாம்பிகாவுக்குப் பிறவியிலிருந்தே கையும் நாக்கும் சொன்னபடி கேட்காது. வலது முழங்கால் மட்டும் கேட்கும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்ன நிறுவனம் செய்த பேச்சு சாஃப்ட்வேரை அவர்களுடைய அப்பா வாங்கி வந்தார். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக மின்னிக்கொண்டு போகும். வேண்டிய எழுத்து வரும்போது முழங்காலால் ஒரு பெரிய பொத்தானை இடிப்பாள். வாக்கியம் முடிந்ததும் கம்ப்யூட்டர் அதைப் பேசும். தார்வாடில் வீட்டுக்கு வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தக் குரலில்தான் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். கீரைக்காரியோடு சண்டை போட்டதும் அதே குரலில்தான். அந்த நிறுவனம் எப்போதோ மூடிப்போயிற்று. இப்போது மழையில் இடி இறங்கி மதர்போர்டும் கருகிவிட்டது.

"புதுசா டேப்லெட் வாங்கிக் குடுக்கலாமே அண்ணா. இப்ப எவ்வளவு நல்ல குரலெல்லாம் வருது!"

"வாங்கிக் குடுத்தேன். நியூஸ் வாசிக்கற அம்மா மாதிரி பேசுச்சு. முழங்காலால ஒரே இடி, தரைக்குப் போயிடுச்சு." சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஹார்டு டிஸ்க் பிழைத்திருந்தது. ரேஷ்மா அதைக் கழற்றித் துடைத்தாள்.

"பழைய சாஃப்ட்வேர் புது மெஷின்ல ஓடாது. ஆனா புதுசுக்குள்ளயே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கற மாதிரி செட் பண்ணலாம். விர்ச்சுவல் மெஷின்னு பேரு. உள்ள ஓடற சாஃப்ட்வேருக்கு வீடு மாறினதே தெரியாது."

"ஏமாத்தறதா?"

"ஏமாத்தறதுதான். நல்லதுக்கு."

மூன்றாம் நாள் வீரேஷ் ஒரு பொட்டலம் கிர்மிட் மசாலாப் பொரியோடு வந்து நின்றபோது, ரேஷ்மாவின் லேப்டாப் திரைக்குள் இன்னொரு சின்னத் திரை, பழைய பச்சை மேடும் நீல வானமுமாகத் திறந்திருந்தது. நீலாம்பிகா சேமித்து வைத்த வாக்கியங்கள் அதில் வரிசையாக இருந்தன. ஒலி வருகிறதா பார்ப்போம் என்று ரேஷ்மா முதல் வரியைத் தட்டினாள்.

ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத, ஏற்ற இறக்கமில்லாத தடித்த குரல். அதற்கு 'ள' வராது.

"மெதுவாத் தூக்கு வீரேஷ். உன் தோல் வலிக்குதுன்னு எனக்குத் தெரியும்."

தோலா என்று ரேஷ்மாவுக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தவள் அடக்கிக்கொண்டாள். வீரேஷ் சுவர்ப் பக்கம் திரும்பி, காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தினம் காலைல கட்டில்லேந்து தூக்கறப்ப இதைத்தான் மொதல்ல சொல்லுவா" என்றான். "பொத்தானைக் கட்டிலோடயே கட்டி வெச்சிருப்பேன். உண்மையச் சொல்லட்டுமா மேடம்? இந்தப் பேச்சு நின்ன மொதல் ரெண்டு நாள் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. மீசையை வெட்டு, சட்டையை மாத்துன்னு ஒரு நச்சரிப்பும் இல்ல. மூணாம் நாள் தூக்கினேன். சத்தமே இல்ல. மூட்டையைத் தூக்கற மாதிரி இருந்துச்சு. எங்க அக்காவைப் போய் அப்படி நெனச்சுட்டேனே."

ரேஷ்மா லேப்டாப்பைத் தள்ளி வைத்தாள். பொட்டலத்தைப் பிரித்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு தார்வாடு போனாள். நீலாம்பிகா ஜன்னலோர நாற்காலியில் தலை வாரிப் பின்னி உட்கார்ந்திருந்தாள். பெரிய கண்கள். வந்தவளை உச்சியிலிருந்து பாதம்வரை ஒருமுறை அளந்தன. ரேஷ்மா பொத்தானை ஒரு மாற்று வயரில் இணைத்தாள். திரை திறந்தது.

எழுத்துகள் பறந்தன. பழைய சாஃப்ட்வேர் பழைய கம்ப்யூட்டரின் வேகத்தை வைத்தே நேரத்தை அளந்துவந்திருக்கிறது. புது மெஷினின் வேகம் அதைக் குதிரையில் ஏற்றிவிட்டது. நீலாம்பிகாவின் முழங்கால் இடித்தது, மறுபடி இடித்தது. "ஹ ஹ ட ப ப" என்றது குரல். இன்னொரு முறை. "ட ட ட." அவள் முகம் சுருங்கியது. கண்ணீர் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளக் கை வராமல், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீரேஷ் துண்டால் துடைத்துவிட்டான். "விடுங்க மேடம். போதும்."

"எதுக்கு விடணும்?" ரேஷ்மா லேப்டாப்போடு தரையில் உட்கார்ந்தாள். "அக்கா, நான் வேகத்தைக் கொறைச்சுக்கிட்டே வரேன். சரின்னா ஒரு தடவை கண்ணை மூடுங்க. இல்லைன்னா என்னை மொறைச்சுப் பாருங்க."

நீலாம்பிகா முறைத்தாள். ரேஷ்மா இன்னும் குறைத்தாள், இன்னும் முறைப்பு. ஒரேயடியாக இறக்கியபோது எழுத்துகள் நின்று நின்று நகர்ந்தன. குரல் "மெ...து...வா..." என்று இழுத்தது.

"இது குடிச்சிருக்கு" என்றாள் ரேஷ்மா.

நீலாம்பிகாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நாற்காலியே குலுங்கியது. அக்கா அழுகிறாளோ என்று வீரேஷ் ஓடிவந்தான். சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் வேலை கைகூடி வந்தது. கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, பத்துப் பன்னிரண்டு தடவை பார்த்தபிறகு நீலாம்பிகா கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். முழங்கால் வேலையைத் தொடங்கியது. ஆறேழு நிமிஷம். திரையை எட்டிப் பார்ப்பது பேசுகிறவர் வாய்க்குள்ளேயே பார்ப்பதுபோல இருந்ததால், ரேஷ்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரேஷ்மாவுக்குக் கால் மரத்துப்போயிருக்கும். வீரேஷ், ஒரு நாற்காலி போட இந்த வீட்டுல ஆல் இல்லையா?"

வீரேஷ் நாற்காலிக்கு ஓடினான். சமையலறைக்குள் போனவன் திரும்பி வர நேரமாயிற்று. மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"அந்த 'ள'வைச் சரிபண்ண முடியுமான்னு பாக்கட்டுமா அக்கா?" என்றாள் ரேஷ்மா.

முழங்கால் மறுபடி இடித்தது, நிதானமாக. "வேண்டாம். எங்கிட்டப் படிச்ச பில்லைங்க இப்படித்தான் பேசிக் காட்டிக் கேலி பண்ணுவாங்க. இது என்னோட பிசகு."

"சரி. இதை அப்படியே ரெண்டு நகல் எடுத்து வெச்சிருக்கேன். இனிமே இடி விழுந்தாலும் வேற மெஷின்ல அரை மணில ஏத்திடலாம்."

"ஒண்ணு உன் கடைல இருக்கட்டும். ஆனா மத்தவங்களுக்குப் போட்டுக் காட்டாத. உல்ல இருக்கறதெல்லாம் எங்க வீட்டுச் சண்டை."

ரேஷ்மா தலையை ஆட்டினாள். வீரேஷ் சோள ரொட்டியும் எண்ணெய்க் கத்திரிக்காயும் கொண்டுவந்து வைத்தான். அக்காவுக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று அவன் ஊட்டுவதை ரேஷ்மா பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். நாலு மணி பஸ்ஸைப் பிடிப்பதாக இருந்தாள். அதற்குள் நீலாம்பிகா, உன் வீட்டில் யார் யார் என்று கேட்டுவிட்டாள். தனியாகத்தான் இருக்கிறேன் என்று ரேஷ்மா சொன்னதும், ஏன் என்று கேட்கப் பொத்தான் மறுபடி இடிபடத் தொடங்கியது.

வாசலில் வீரேஷ் போனில் யாரிடமோ உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்: "ஆமாங்க, நாளைலேந்து வகுப்பு இருக்கு. பிள்ளையை அனுப்புங்க. வீட்டுக்கணக்குப் போடாம வந்தா அக்கா திட்டுவா, சொல்லிட்டேன்."

ரேஷ்மா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.