ஓய்வு நேரத்து வெயில்

துபாய் அல் குசைஸில் எழும்பிக்கொண்டிருந்த அந்தக் கட்டடத்தில், சாப்பாடு முடிந்ததும் ஆட்கள் அட்டைகளை விரித்து நிழலில் சாய்ந்தார்கள். ஆகஸ்ட் மாதம். கோடையின் உச்சிப்பொழுதில் வெட்டவெளியில் யாரையும் வேலை வாங்கக் கூடாதென்று அந்த வருடந்தான் சட்டம் வந்திருந்தது.

"யல்லா, எந்திரிங்கப்பா! சாயங்காலம் கான்கிரீட் வருது, கம்பி கட்டி முடிக்கணும்" என்று போர்மேன் ரெங்கராஜ் விரட்டினான்.

அவனும் வெயிலில் கம்பி கட்டித்தான் போர்மேன் ஆனவன். ஓய்வு நேரத்திலும் வேலை வாங்கச் சொன்ன இன்ஜினியர் கோபாலசாமியின் பேச்சைத் தட்டினால் பழைய வேலைக்கே இறக்கிவிடுவார் என்ற பயம் அவனை ஆட்டிவைத்தது.

கார்மேகம் மட்டும் எழுந்திருக்கவில்லை. ரெங்கராஜுக்குப் பக்கத்து ஊர்க்காரன். அவனுக்கு விசா ஏற்பாடு செய்து வரவழைத்ததே ரெங்கராஜ்தான்.

"அண்ணே, தலை கிறுகிறுங்குது. வேர்வையே வரல. செத்த நேரம் நெழல்ல கெடக்கேன்."

"எல்லாருக்குந்தான் வெயிலடிக்குது. ஒன்னைய விட்டா நாளைக்கு ஒருத்தனும் எந்திரிக்க மாட்டான். ஏறுடா."

கார்மேகம் மேல்தளத்துக்கு ஏறினான். கையுறையையும் மீறிக் கம்பி சுட்டது. கடல் பக்கத்துப் புழுக்கம் மூச்சை அடைத்தது.

சற்றைக்கெல்லாம் மேலே கூச்சல் கேட்டது. ரெங்கராஜ் ஓடிப்போய்ப் பார்த்தபோது, கார்மேகம் கம்பிகளின் மேல் கிடந்தான். உடம்பு அனலாய்க் கொதித்தது. "வடிவு... கதவத் தெற" என்று மனைவியைக் கூப்பிட்டுப் பிதற்றிக்கொண்டிருந்தான். வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றினார்கள். ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரியை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

"வீட்டுக்கு ஹார்ட் அட்டாக்னே சொல்லிடு ரெங்கராஜ். இல்லேன்னா சைட்டையே மூடிடுவாங்க" என்றார் கோபாலசாமி.

ரெங்கராஜ் ஊருக்குப் போன் போட்டு அப்படியே சொன்னான். வடிவு அலறித் தீர்த்துவிட்டுக் கேட்டாள்: "அவுகளுக்கு நெஞ்சுவலியே வந்ததில்லையேண்ணே. நீங்க பக்கத்துலதான இருந்தீக?"

ரெங்கராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"பொய் சொல்லிட்டேன் தாயி. முடியலண்ணேன்னு சொன்னான். நாந்தான் வெயில்ல ஏத்திவிட்டேன்."

மறுமுனையில் அழுகை நின்றுபோனது. "ஒங்கள நம்பித்தானேண்ணே அனுப்புனேன்" என்ற குரல் மட்டும் வந்தது. போனும் வைக்கப்பட்டது.

மறுநாள் விசாரிக்க வந்த அதிகாரிகளிடம் ரெங்கராஜ் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். அவர்கள் போனதும் கோபாலசாமி சீறினார்: "என்ன காரியம்யா பண்ணிட்டே? உன்னை ஊருக்கு ஏத்தி விட்டுடுவாங்க, தெரியுமா?"

"ஏத்தட்டும் சார். இந்த ஊரு வெயில நம்மளால கொறைக்க முடியாது. அதுல மனுசன நிறுத்தாம இருக்க முடியும். சட்டம் மட்டும் உசுரக் காப்பாத்தாது சார். முடியலன்னு ஒருத்தன் சொன்னா அத நம்பணும்."

தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்:

"நான் நம்பல."