சோப்புப் பெட்டியும் தும்பிக்கையும்

கேமரா வாங்க வேண்டும் என்று தையல்காரி சொன்னபோது, அவளுடைய கொழுந்தன் முதலில் சிரித்தான். அவன் வாடகைக் கார் ஓட்டுகிறவன். எதை வாங்குவதானாலும் ஒரு வாரம் ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்கமாட்டான். செருப்புக்கே அப்படி.

"கல்யாணத்துல எடுத்த படத்தையே நீங்க இன்னும் சட்டம் போடலை. இப்ப எதுக்கு அண்ணி கேமரா?"

"தூரத்துல இருக்கிறதைப் பார்க்கணும்."

"எவ்வளவு தூரம்?"

அவள் சன்னல் பக்கம் கையைக் காட்டினாள். வீடுகளின் தலைகளுக்கு மேலே, காலைப் பனியில் பாதி கரைந்துபோய், இரண்டு மஞ்சள் கிரேன்கள் நின்றன. அவற்றில் ஒன்றை ஓட்டுகிறவர் அவள் கணவர்.

விஷயம் இதுதான். மூன்று மாதத்துக்கு முன்பு அவருக்கு வேலையிடத்து ஏணியடியில் தலை சுற்றியது. மருத்துவர் காதுக்குள் ஏதோ சமநிலை தவறியிருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார். பிறகு சரியாகிவிட்டது, ஏறலாம் என்றார். அவள் ஒரு நிபந்தனை போட்டாள். கிரேன் கூண்டுக்குள் தொலைபேசி எடுத்துப்போகக் கூடாது என்பது வேலையிடத்து விதி. ஆகவே மதியச் சங்கு ஊதியதும் அவர் கூண்டுக்கு வெளியே உள்ள மேடைக்கு வந்து கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். கை தெரிந்தால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். முதல் நாள் சங்கு ஊதியபோது மொட்டை மாடியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். ஒரு கிரேனில் எறும்பளவு மனிதர் வெளியே வந்து கையை உயர்த்தினார். அவளும் கையிலிருந்த வெட்டுத்துணியை வீசினாள். அன்று மாலை, "பார்த்தேன்" என்றாள். அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி" என்றார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

இப்போது அவரை ஆற்றுக்கு அக்கரையில் எழும்பும் புதிய கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். அங்குள்ள கிரேன் இதைப்போல இரண்டு மடங்கு உயரம். கூண்டுக்குப் போகத் திறந்த நடைபாலத்தில் நடக்க வேண்டுமாம். அடுத்த வாரம் போக வேண்டும். அவ்வளவு தூரத்தில் எறும்புகூடத் தெரியாது.

கொழுந்தன் சிரிப்பதை நிறுத்தினான். "அப்ப ஜூம் தான் முக்கியம்" என்றான்.

அந்த வாரம் முழுவதும் சவாரி இல்லாத நேரங்களில் அவன் தையல் எந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காணொளிகள் பார்த்தான். கடைசியில் இரண்டு வகை மிஞ்சின. ஒன்று காம்பாக்ட்: சட்டைப் பைக்குள் அடங்கும், முப்பது மடங்கு இழுக்கும். மற்றது பிரிட்ஜ் கேமரா: லென்ஸைக் கழற்ற முடியாது, ஆனால் பார்வைக்குப் பெரிய கேமராவைப் போலவே இருக்கும், அறுபது மடங்கு இழுக்கும்.

"பெரிசு நல்லதுன்னு தோணும். ஆனா தினமும் நீங்க அதைத் தூக்கிட்டு மாடிப்படி ஏறணும். துணியும் துவைக்கணும், சட்டையும் தைக்கணும். யோசிங்க."

"நான் தூக்குறது இருக்கட்டும். உங்க அண்ணன் தெரிவாரா?"

"அதைக் கடையிலதான் கேக்கணும்."

கேமராக் கடை நான்கு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். தொலைவாகப் பார்க்கிற கேமரா வாங்க வருகிறவர்களை அவர் கடைக்குள் நிறுத்தமாட்டார். இரண்டு கேமராக்களையும் கொடுத்து மொட்டை மாடிக்கு அழைத்துப்போவார். எதிர்ச் சுவரைப் படம் பிடித்துப் பார்த்து ஏமாந்தவர்கள் பிறகு திரும்பி வந்து தன்னிடம் சண்டை போட்டதுதான் அந்தப் பழக்கத்துக்குக் காரணம் என்றார்.

"எந்த நேரத்துல பார்க்கப் போறீங்களோ, அந்த நேரத்துலயே சோதிங்க" என்றும் சொன்னார். ஆகவே அவர்கள் மதியத்துக்குச் சற்று முன்பு மாடி ஏறினார்கள்.

மேலே வெயில் பால்போல் கொட்டிக் கிடந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் மட்டும் நீலமாக இருந்தது. தெருவின் சத்தம் அவ்வளவு உயரத்துக்கு வரும்போது, யாரோ பக்கத்து அறையில் தூக்கத்தில் பேசுவதுபோலக் கேட்டது. தூரத்தில் இரண்டு கிரேன்களும் ஒன்றையொன்று மறந்துவிட்டவை போல வெவ்வேறு திசை பார்த்து நின்றன.

முதலில் சின்னது. கொழுந்தன் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"சோப்புப் பெட்டி மாதிரி இருக்கு. குளிக்கப் போறப்ப மாத்தி எடுத்துட்டுப் போயிடாதீங்க."

"சின்னதுன்னு கேலி பண்ணாதப்பா" என்றார் கடைக்காரம்மா. "வெளியூர் போறவங்க இதைத்தான் எடுப்பாங்க. குறை என்னன்னா, கண்ணை வச்சுப் பார்க்கிற துவாரம் இதுல கிடையாது. பின்னாடி திரையிலதான் பார்க்கணும். வெயில்ல திரை வெளிறிப் போயிடும்."

தையல்காரி திரைக்கு மேல் முந்தானையைப் பிடித்து நிழல் செய்தாள். லென்ஸ் மெல்ல நீண்டது. வீடுகள் மிதந்து வந்தன, விலகின. யாரோ உலர்த்திய துணி ஒன்று திரை முழுவதும் அலையடித்துப் போனது. பிறகு மஞ்சள் கம்பிகள். சங்கு ஊதியது, அது காற்றில் வளைந்து, தேய்ந்து, தாமதமாக வந்தது. கூண்டின் கதவு திறந்தது. நடுங்கும் திரையில், கானல் நெளிவில், ஒரு மனிதர் வெளியே வந்து கையைத் தூக்கினார்.

"தெரியறார்" என்றாள். குரல் கனிந்துவிட்டது. "போதும் தம்பி. இதையே எடுத்துக்கலாம்."

"முகம் தெரியுதா அண்ணி?"

"முகம் எதுக்கு? கை தெரியுதே."

"அட, இதையும் ஒரு தடவை பார்த்துடுங்க. இல்லேன்னா ஒரு வாரம் எனக்குத் தூக்கம் வராது." அவன் பெரியதை நீட்டினான். "இது கேமராவா, அம்மிக்குழவியா? தும்பிக்கை வேற நீளுது."

"கனம் இருந்தாத்தான் கை ஆடாது" என்றார் கடைக்காரம்மா. "ஆனா ஒண்ணு, ஒளிச்சு வைக்காம சொல்லிடறேன். பெரிசா இருக்குன்னு உள்ளேயும் பெரிசுன்னு நினைச்சுக்காதீங்க. படம் பதியற தகடு ரெண்டுலயும் சுண்டுவிரல் நகம் அளவுதான். சாயங்காலம் ஆனா ரெண்டும் திணறும். முழங்கையை விலாவோட சேர்த்து வச்சுக்குங்க. கண்ணைத் துவாரத்துல வைங்க."

கண்ணை வைத்ததும் வெயில் அணைந்துபோனது. மாடி இல்லை, கொழுந்தன் இல்லை. ஒரு சிறிய இருட்டறையின் முடிவில் ஒளிச்சதுரம் ஒன்று இருந்தது. அதற்குள் அவள் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். கூண்டு வந்தது. மனிதர் வந்தார்.

வழுக்கைத் தலை. தொப்பை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி, இடுப்பை இடமும் வலமும் திருப்பி, குனிந்து, மறுபடி உயர்த்தினார். உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்.

அவள் கணவர் ஒல்லி. தலை நிறைய முடி.

மற்ற கிரேனைத் தேடினாள். வானம், வானம், ஒரு காக்கை, மறுபடி வானம்.

"தவறிடுச்சா? பக்கத்துல ஒரு பொத்தான் இருக்கு, அதை அமுக்குங்க" என்றார் கடைக்காரம்மா. "காட்சி பின்னாடி போகும். வேண்டியதை நடுவுல வச்சுட்டு விட்டுடுங்க. அதுவே கிட்டப் போயிடும்."

அமுக்கினாள். ஊர் மொத்தமும் பின்வாங்கியது. இரண்டாவது கிரேனை நடுவில் வைத்து விரலை எடுத்தாள். அது அவளை நோக்கி நீந்தி வந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார். நெற்றி கண்ணாடியில் பதிந்திருந்தது. அவர் பார்த்த திசையை அவள் அறிவாள். அங்கே தங்கள் வீட்டு மொட்டை மாடி இருக்கிறது. இன்று அங்கே யாரும் இல்லை. அவர் கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு எழுந்தார்.

கதவு திறந்தது. ஒரு கால் வெளியே வந்தது. இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை காற்றில் உப்பியது. முழங்கால்கள் ஆடுவது தெரிந்தது. கானல் என்று முதலில் நினைத்தாள். கானலில் எல்லாமே ஆடும். இங்கே கம்பி ஆடவில்லை, கதவு ஆடவில்லை, அவர் கால்கள் மட்டும் ஆடின.

உள்ளே போங்க, என்று வாய்க்குள் சொன்னாள். அவ்வளவு அருகில் இருந்தவரிடம் உரக்கச் சொல்லத் தோன்றவில்லை. அவர் நெற்றி வியர்வையை முந்தானையால் ஒற்றிவிடலாம் போலிருந்தது. உள்ளே போங்க. நான் இங்கே இருக்கேன். உள்ளே போங்க.

அவர் முகத்தை ஒருமுறை வானத்துக்குத் திருப்பினார். பிறகு, குழந்தை படியில் பின்பக்கமாக இறங்குவதுபோல, பார்க்காமலே காலைப் பின்னுக்கு வைத்து, உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

"அண்ணன் தெரிஞ்சாரா அண்ணி?"

"தெரிஞ்சார்."

"அப்ப தும்பிக்கைதானா?"

"நாளைக்குச் சொல்றேன்" என்று கேமராவைக் கடைக்காரம்மாவிடம் கொடுத்தாள். கண்ணைச் சுற்றி வட்டமாகத் தடம் பதிந்திருந்தது.

மாலையில் அவர் வந்தபோது விளக்கு ஏற்றும் நேரம் ஆகவில்லை. அறை முழுவதும் பழுப்பு வெளிச்சம். கை கால் கழுவிவிட்டு, அவள் தைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு எதிரே உட்கார்ந்தார். "பார்த்தேன்" என்ற வார்த்தைக்குக் காத்திருந்தார். அது வரவில்லை. எந்திரம் ஓடியது, நின்றது.

"இன்னைக்கு மாடிக்குப் போகலையா?"

"போனேன். வேற மாடி."

சொன்னாள். கடை, சின்னது, பெரியது, வழுக்கைத் தலை, எல்லாம். அவர் கால் ஆடியதை மட்டும் கடைசியாகச் சொன்னாள். அவர் தரையில் கிடந்த நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"இன்னைக்கு உன்னைக் காணலைன்னுதான் ஒரு கால் வச்சேன். அதுக்கு முன்னாடி ஒரு நாள்கூட வெளியே வரலைம்மா. ஏணி கூண்டுக்கு அடிவரைக்கும் உள்ளுக்குள்ளேயே வருது, ஏறிடுவேன். உட்கார்ந்துட்டா ஒண்ணும் இல்லை. கதவைத் திறந்தாத்தான்..."

"அப்ப நான் தினமும் பார்த்தேன்னு சொன்னப்போ ஏன் வாயைத் திறக்கலை?"

"நீ தெரிஞ்சுதான் சொல்றேன்னு நினைச்சேன். இவர் பயந்துட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கார், நாம கேட்டா மானம் போயிடும், அதனால பார்த்ததாவே சொல்லுவோம்னு. உன் பெருந்தன்மையை நினைச்சுக் கண்ணுல தண்ணி வந்திருக்கு எனக்கு."

"நான் அவ்வளவு நல்லவ இல்லைங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்.

"அந்த ஆள் யாரு?"

"பக்கத்து கிரேன் ஓட்டுறவன், பூசணின்னு கூப்பிடுவோம். முதுகுவலி. மதியம் பயிற்சி செய்யணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஒரு மாடியிலேருந்து ஒரு அம்மா தினமும் துணி வீசறாங்க, எனக்காகத்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறான். நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்குவேன். உனக்கில்லடா, எனக்குன்னு."

"அவருக்குத்தான் போலிருக்கு."

"வலி பாதி குறைஞ்சிருக்காம்."

சிரித்து முடித்தபின் அறை இன்னும் மங்கியிருந்தது. அவள் துணியை மடியிலிருந்து எடுத்து வைத்தாள்.

"அக்கரையில நடைபாலம்னு சொன்னீங்களே."

"ஆமா."

"அதுல எப்படிப் போவீங்க?"

வெளியே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன சத்தம் தெருமுனைவரை கேட்டது.

"நாளைக்கு இன்ஜினியர்கிட்டச் சொல்லிடறேன்" என்றார் பிறகு. "கீழே சரக்கு கட்டிவிடுற வேலைக்கு ஆள் தேடிட்டு இருக்காங்க. இவன் உயரத்துல இருந்து இறங்கிட்டான்னு நாலு பேர் பேசுவாங்க."

"பேசட்டும். பேச்சு கேக்கிற தூரத்துல நீங்க இருப்பீங்க."

அவர் தலையை ஆட்டினார். கொஞ்சம் கழித்து, வெட்கத்தோடு கேட்டார்: "அதுல என் முகம் எப்படித் தெரிஞ்சுது?"

"மீசை ஒரு பக்கம் தூக்கலா இருக்கு. கிட்டத்துல இருந்து இத்தனை வருஷம் பார்த்தும் கவனிக்கலை."

அவர் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவள் விளக்கைப் போட எழவில்லை.

"கதவைத் திறந்தப்போ என்ன தெரிஞ்சுது உங்களுக்கு?"

"சொன்னா சிரிப்பே."

"சொல்லுங்க."

"தரை இல்லைம்மா. ஊரு இருக்கு, வீடெல்லாம் இருக்கு, ஆனா எல்லாம் மூச்சு விடுது. மெதுவா ஏறுது, மெதுவா இறங்குது. தூங்குற ஆள் நெஞ்சு மேல நின்னா எப்படி இருக்கும், அப்படி. காலை வச்சா எழுப்பிடுவோமோன்னு இருந்துது."

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை நகர்த்தி அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "அப்புறம்?" என்றாள்.